நாம தோத்துட்டோம்: ஒரு கோல் வித்தியாசத்தின் இலக்கணம்

1

சினிமா ரசிகனைப் பற்றித் தமிழில் நிறையவே எழுதியாகிவிட்டது. மன்றம், கட்-அவுட், பாலாபிஷேகம், அதிலிருந்து கட்சி, ஆட்சி என்று அந்தப் பேச்சு ஒரு சுற்று வந்துவிட்டது. கால்பந்து ரசிகனுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. மேட்ச் முடிந்ததும் அவன் பேசுவதை வெட்டிப்பேச்சு என்று தள்ளிவிடுகிறோம். வெட்டிப்பேச்சு என்பதாலேயே அது வாசிக்கப்பட வேண்டிய பிரதி என்று எனக்குப் படுகிறது. தான் பேசுவதால் எதுவும் மாறப்போவதில்லை என்று தெரிந்தே ஒருவன் பேசும்போது, தன்னை எங்கே வைத்துக்கொள்கிறான் என்பது ஒளிவுமறைவில்லாமல் வெளிப்படுகிறது.

எல்லாத் தோல்வியையும் எடுத்துக்கொள்ளவில்லை. வெளியூரில், ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் வருகிற தோல்வியை மட்டும் பார்க்கலாம். உதாரணம் 2024 ஏப்ரல் 20, சனிக்கிழமை. கோவாவின் ஃபதோர்டா மைதானம். இந்தியன் சூப்பர் லீக் நாக்-அவுட் ஆட்டம். லீக்கில் 6ஆம் இடம் பிடித்த சென்னையின் எஃப்.சி., நாலு வருஷத்துக்கு அப்புறம் பிளே-ஆஃபுக்குள் நுழைந்திருந்தது. எஃப்.சி. கோவா 2-1 என்று ஜெயித்தது. கோவாவுக்கு நோவா சதாவியும் பிராண்டன் பெர்னாண்டஸும் அடித்தார்கள். சென்னைக்கு லாசர் சிர்கோவிச். மூன்று கோலுமே முதல் பாதியில். மிச்சம் 45 நிமிஷமும் சென்னைக்கு ஒரு கோல் தேவைப்பட்டது. வரவில்லை. அத்தோடு சீசன் முடிந்தது.

இப்படியொரு தோல்விக்கு மறுநாள் அம்பத்தூர் ஓ.டி.யிலோ ஆவடி ஸ்டேஷன் வாசலிலோ பூந்தமல்லி பஸ் ஸ்டாண்ட் டீக்கடையிலோ நடக்கிற பேச்சு இந்தப் பக்கத்து ஆட்களுக்குப் பழக்கமானது. நேரு ஸ்டேடியத்தில் மேட்ச் என்றால் மின்சார ரயிலேறி சென்ட்ரலில் இறங்கி நடந்துபோகிற கூட்டம் இது. வெளியூர் மேட்ச் என்றால் டி.வி., இல்லாவிட்டால் கையிலிருக்கும் போன். பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

"நாம நல்லாத்தான் ஆடினோம் மச்சி. செகண்ட் ஹாஃப் மாதிரியே மொதல்லயும் ஆடியிருந்தா மேட்ச் நம்மளுது."

"எங்க ஆடினோம்? மொத பாதி ஃபுல்லா தூங்கிட்டானுங்க."

"ஒரு கோல்தான்ணா. ஒண்ணே ஒண்ணு போயிருந்தா எக்ஸ்ட்ரா டைம்."

இரண்டு விஷயங்கள் இங்கே கவனத்துக்குரியவை. 'ஆடினோம்' என்பது அடுத்த வாயில் 'தூங்கிட்டானுங்க' ஆகிறது. இது ஒன்று. 'ஆடியிருந்தா', 'போயிருந்தா' என்று நடக்காததைப் பேசுகிற வினை வடிவம் இன்னொன்று. முதலாவது யார் என்கிற கேள்வி. இரண்டாவது எத்தனை என்கிற கேள்வி.

2

1976இல் ராபர்ட் சியால்டினியும் அவருடன் சேர்ந்த சிலரும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் ஒரு ஆய்வு நடத்தினார்கள். தங்கள் கல்லூரி அணி ஜெயித்தால் மாணவர்கள் 'நாம்' என்று பேசினார்கள்; தோற்றால் 'அவர்கள்' என்று பேசுவது கூடியது. பிறர் வெற்றியின் வெளிச்சத்தில் குளிர்காய்தல் என்று இதை விளக்கினார்கள். பத்து வருஷம் கழித்து, 1986இல், சி.ஆர். ஸ்னைடரும் வேறு சிலரும் இதன் மறுபக்கத்தைச் சொன்னார்கள்: தோற்றவனிடமிருந்து தன்னை அறுத்துக்கொள்வது. சுருக்கமாக, ஜெயித்தால் ஒட்டு, தோற்றால் வெட்டு.

நம் டீக்கடைப் பேச்சு இந்த வாய்ப்பாட்டுக்குள் முழுசாக அடங்குவதில்லை. ஐந்து கோல் வாங்கித் தோற்றால் வெட்டுவது சுலபம். 'அவனுங்க' என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்துவிட்டுப் போகலாம். ஒரு கோலில் தோற்றால் வெட்டவும் முடிவதில்லை, ஒட்டவும் முடிவதில்லை. ஒரே ஆள் ஒரே மூச்சில் 'நாம' என்கிறான், 'அவனுங்க' என்கிறான். அணியோடு தனக்கிருக்கும் உறவு என்ன என்பதை வாக்கியத்துக்கு வாக்கியம் மறுபடி பேரம் பேசிக்கொண்டிருக்கிறான்.

இதைப் பேச ஆங்கிலத்தைவிடத் தமிழ் வாகானது. கேட்பவனையும் சேர்த்துக்கொள்ள 'நாம்', அவனை விலக்கிப் பேச 'நாங்கள்'. சக ரசிகனிடம் 'நாம தோத்துட்டோம்'. கொச்சி அணியின் ஆளிடம் 'நாங்க தோத்தா உனக்கென்ன?'. நன்னூல் இந்த வேறுபாட்டை வினை விகுதியிலேயே வைத்திருக்கிறது. அம், ஆம் விகுதிகள் முன்னிலையாரைத் தன்மையோடு சேர்க்கும். எம், ஏம், ஓம் விகுதிகள் படர்க்கையாரைச் சேர்க்கும். இதற்கு உளப்படுத்தல் என்று பெயர். இன்றைய தமிழில் ஓம் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. அது இரண்டு வேலையையும் பார்க்கிறது.

பழைய விதியை ஒரு நிமிஷம் உயிர்ப்பித்துப் பார்ப்போம். 'தோத்துட்டோம்' என்பதில் உள்ள ஓம், எதிரே இல்லாத படர்க்கையாரை உள்ளே இழுக்கிற விகுதி. ஃபதோர்டாவில் ஆடிய பதினோரு பேர்தான் அந்தப் படர்க்கையார். அம்பத்தூர்க்காரன் அவர்களைத் தன்னோடு உளப்படுத்திக்கொள்கிறான். அவர்கள் அவனை உளப்படுத்திக்கொண்டார்களா? கிளப் உளப்படுத்திக்கொண்டதா? ஒருபக்க உளப்பாடு இது. ரசிகத் தன்னிலையின் சிக்கல் மொத்தமும் இந்த ஒரு விகுதியில் இருக்கிறது.

3

அடுத்து, எத்தனை என்கிற கேள்வி. 2-1 என்பது ஒரு குறிப்பான். அதன் அர்த்தம் எண்ணுக்குள் இல்லை, மற்ற குறிகளோடு அதற்குள்ள வேறுபாட்டில் இருக்கிறது. சசூரைப் புரியவைக்க இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் கிடந்தது. பூந்தமல்லிக்குப் பக்கத்துச் செம்பரம்பாக்கத்தில் திறந்த தண்ணீர் அடையாற்றில் ஓடியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சென்னையின் அரையிறுதி 'சொந்த ஊர்' ஆட்டம் புனேவுக்கு மாற்றப்பட்டது. அங்கே கொல்கத்தா அணியை 3-0 என்று வென்றார்கள். டிசம்பர் 16 அன்று கொல்கத்தாவில் நடந்த மறு ஆட்டத்தில் 2-1 என்று தோற்றார்கள். வெளியூர், ஒரு கோல் வித்தியாசம், தோல்வி. ஆனால் கூட்டுத்தொகை 4-2. அணி இறுதியாட்டத்துக்குப் போனது. அன்றைய 2-1 கொண்டாட்டம்.

நாலு நாள் கழித்து, டிசம்பர் 20, இதே ஃபதோர்டாவில் இறுதியாட்டம். 87ஆம் நிமிஷத்தில் கோவா 2-1 என்று முன்னே போனது. கடைசி நேரத்தில் கோவா கோல்கீப்பர் வழியாக ஒரு சுயகோல். பிறகு மெண்டோசா அடித்த ஒன்று. 3-2, கோப்பை சென்னைக்கு. அந்த 2-1 சில நிமிஷம் மட்டுமே வாழ்ந்த எண்.

2024இன் 2-1ஐப் பேசுகிறவன் இந்த இரண்டையும் மனசில் வைத்துத்தான் பேசுகிறான். 'போயிருந்தா' என்கிற வினை வெறும் ஆதங்கத்திலிருந்து வருவதில்லை. அதே மைதானத்தில், அதே எதிரணியிடம், அதே எண்ணிலிருந்து ஒருதரம் போயிருக்கிறது. நடந்த ஒன்றின் ஞாபகம்தான் நடக்காத ஒன்றைக் கற்பனை செய்ய இடம் கொடுக்கிறது. பெரிய தோல்விக்கு 'இருந்தா' கிடையாது. அது முடிந்த வாக்கியம். சின்னத் தோல்வி எச்சமாக நிற்கிறது. எச்சத்தை முடிக்க வினைமுற்று தேடுகிற வேலைதான் மறுநாள் பேச்சு.

4

'வெளியூர்' என்பதற்கு வருவோம். ரசிகனின் 'நாம' வெறும் பிரமை என்று சொல்லிவிடுவதற்கு முன்னால் ஒரு விஷயம். 2002இல் பிரிட்டனில் வெளியான ஒரு ஆய்வில், ஒரே ஆட்டத்தின் வீடியோவைச் சில நடுவர்கள் கூட்டத்தின் சத்தத்தோடும் சிலர் சத்தமில்லாமலும் பார்த்தார்கள். சத்தத்தோடு பார்த்தவர்கள் உள்ளூர் அணிக்கு எதிராகச் சுமார் 15 சதவீதம் குறைவாக ஃபவுல் கொடுத்தார்கள். 2020இல் கொரோனாவால் காலி மைதானங்களில் ஆட்டங்கள் நடந்தபோது, ஜெர்மனியில் உள்ளூர் அணிக்கு வழக்கமாக இருக்கும் சாதகம் குறைந்துபோனது. ஆக, கேலரியில் உட்கார்ந்து கத்துகிறவன் ஆட்டத்துக்குள் இருக்கிறான். அவனுடைய 'ஆடினோம்' ஓரளவு உண்மை.

வெளியூர் ஆட்டத்தில் இந்த உண்மை அவனிடமிருந்து பறிபோகிறது. ஃபதோர்டாவில் கத்துவது கோவாக்காரன். ஆவடியில் டி.வி. முன்னால் கத்தினால் பக்கத்து வீட்டுக்குத்தான் கேட்கும். தன் வேலையைச் செய்ய முடியாமல் போனவன் மறுநாள் பேச்சால் அந்த வேலையைச் செய்கிறான். 'எவனை உள்ளே இறக்கியிருக்கணும்', 'எப்ப மாத்தியிருக்கணும்' என்பதெல்லாம் பயிற்சியாளர் ஓவன் காயிலுக்குப் போய்ச் சேரப்போவதில்லை. போய்ச் சேராது என்பதும் தெரியும். இருந்தும் பேசுகிறான்.

5

இந்த 'நாம' எப்போதும் இவ்வளவு காற்றில் தொங்கியதில்லை. 1955இல் தொடங்கிய பெரம்பூர் ஐ.சி.எஃப்.புக்குச் சொந்த அணி உண்டு. தெற்கு ரயில்வேக்கும் இந்தியன் வங்கிக்கும் இருந்தன. அம்பத்தூரிலிருந்து ஷிஃப்டுக்குப் போன தொழிலாளிக்கு, ஞாயிற்றுக்கிழமை ஆடுகிறவன் திங்கட்கிழமை அதே கேட்டில் நுழைகிறவன். 'ஏன்பா அந்த பாலை விட்ட?' என்று நேரிலேயே கேட்கலாம். அதைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை. அணி நிர்வாகத்தின் சொத்து. காண்ட்ராக்ட் தொழிலாளி அந்த 'நாம'வுக்கு வெளியேதான் நின்றான். ஆனாலும் உளப்பாடு இருபக்கமும் இருந்தது.

2014இல் வந்த சென்னையின் எஃப்.சி. வேறு வகை, முதலீட்டாளர்கள் உருவாக்கிய கிளப். அதன் ரசிகர் குழு ஒன்றின் பெயர் 'சூப்பர் மச்சான்ஸ்'. விளையாட்டாக வைத்த பெயர் என்றாலும் உறவுமுறையின் தர்க்கம் அதில் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. நம் குடும்ப அமைப்பில் பங்கு கேட்கிறவன் பங்காளி. மச்சானுக்குப் பந்தியில் முதலிடம், கேலி பேச உரிமை, விசேஷத்துக்கு முறை செய்ய வேண்டிய கடமை எல்லாம் உண்டு. பாகப்பிரிவினையில் மட்டும் அவனுக்கு இடமில்லை. டிக்கெட் வாங்குகிறான், ஜெர்ஸி வாங்குகிறான், டிரம் அடிக்கிறான்: முறை செய்கிற மச்சான். (மச்சான் என்பது ஆண் சொல் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வீட்டில் அதே மேட்சைப் பார்த்த தங்கச்சி டீக்கடை 'நாம'வுக்குள் வந்தாளா?)

2025 ஆகஸ்டில் இது வெளிப்படையாகவே தெரிந்தது. லீகை நடத்தும் நிறுவனத்துக்கும் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்துக்கும் இடையிலான 15 வருஷ ஒப்பந்தம் அந்த டிசம்பரோடு முடிய இருந்தது; புதுப்பிப்பது பற்றி முடிவு எட்டப்படவில்லை. சென்னையின் எஃப்.சி. தன் செயல்பாடுகளைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பதாக அறிவித்தது. 'நாம தோத்துட்டோம்' என்று சொல்லக்கூட மேட்ச் இல்லை. பத்து வருஷம் 'ஓம்' போட்டுப் பேசியவர்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எந்த ஒப்பந்தத்திலும் இல்லை.

வேறு ஏற்பாடுகள் உலகத்தில் இல்லாமலில்லை. ஜெர்மனியில் 1998 முதல் இருக்கிற விதிப்படி, சில விலக்குகள் தவிர, கிளப்பின் பெரும்பான்மை வாக்குரிமை உறுப்பினர்கள் கையில். நம் நாட்டிலேயே, மோகன் பகான் பெயருக்கு முன்னால் ஒட்டப்பட்ட 'ஏ.டி.கே.' என்ற எழுத்துகளை எதிர்த்து ரசிகர்கள் விடாமல் போராடினார்கள்; 2023இல் அது நீக்கப்பட்டது. அங்கே படர்க்கையில் இருந்த நிர்வாகம் முன்னிலைக்கு வந்து பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

ஃபதோர்டா ஆட்டத்துக்கு முந்தின நாள், 2024 ஏப்ரல் 19, தமிழ்நாடு முழுக்க நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு. டீக்கடையில் 'நாம', 'அவனுங்க' என்று மாறிமாறிப் பேசிய விரல்களில் மை இருந்தது. அரசியலில் 'நாம்' என்பதற்குக் குறைந்தபட்சம் அந்த மையளவு பாத்தியதை உண்டு. கால்பந்தில் அதுவும் கிடையாது. ரசிகனுக்குக் கிளப் நிர்வாகத்தில் ஒரு நாற்காலி, ஒரு ஓட்டு கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் என்று யாராவது சொன்னால், அவன் பேச்சிலிருக்கும் விகுதியைக் கவனிக்கச் சொல்ல வேண்டும். அவன் ஏற்கெனவே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான்.