கேபிள் கார் வேண்டாம்... நடந்தே ஏறி சறுக்கி இறங்கலாம்! ‘ஸ்கீ டூரிங்’ முதல் நாள் எப்படி இருக்கும்?

குல்மர்க் போகிறவர்கள் பெரும்பாலும் செய்வது ஒன்றுதான். கோண்டோலா கேபிள் காரில் ஏறி, அஃபர்வத் மலையில் சுமார் 3,950 மீட்டர் உயரத்தில் இறங்கி, செல்ஃபி எடுத்துவிட்டுத் திரும்புவது. அந்த கேபிள் காரே இல்லாமல், ஸ்கீயை மாட்டிக்கொண்டு நாமே நடந்து ஏறி, நாமே சறுக்கி இறங்குவதற்குப் பெயர்தான் ஸ்கீ டூரிங்.

ஏறும்போது வழுக்காதா?

வழுக்காது. ஸ்கீயின் அடியில் ‘ஸ்கின்’ என்ற நீளமான பட்டையை ஒட்டுவார்கள். அதன் இழைகள் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும். பூனையைத் தலையிலிருந்து வால் பக்கம் தடவினால் கை வழுக்கிப் போகும், எதிர்ப்பக்கம் தடவினால் தடுக்கும் இல்லையா? அதே கதைதான். ஒரு காலத்தில் கடல்நாய்த் தோலைக் கட்டினார்கள். இப்போது அங்கோரா ஆட்டு முடி அல்லது நைலான்.

பூட்ஸின் முன்பக்கம் மட்டும் ஸ்கீயோடு பிணைந்திருக்கும், குதிகால் எழும்பும். காலைத் தூக்கி வைக்கவே கூடாது. வீட்டில் ஹவாய் செருப்பை இழுத்து இழுத்து நடப்போமே, அந்த நடைதான் இங்கே சரியான டெக்னிக்!

யார் போகலாம்?

‘பிகினர்’ என்ற வார்த்தையை நம்பி ஏமாந்துடாதீங்க. ஏறுவதற்குத்தான் நீங்கள் பிகினர். சறுக்கி இறங்க, திரும்ப, நிற்க ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். முதல் நாளில் 400 மீட்டர் உயரம் ஏறினாலே தாராளம்.

ஆபத்து எங்கே?

பனிச்சரிவில்தான். 2023 பிப்ரவரியில் அஃபர்வத்தில் போலந்து நாட்டவர் இருவரும், 2024 பிப்ரவரியில் கிலன்மர்க் பகுதியில் ரஷ்யர் ஒருவரும் பனிச்சரிவில் சிக்கி உயிரிழந்தனர்.

பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 டிகிரி சரிவுகளில்தான் கிளம்புகின்றன. அதனால், முதல் நாள் பாதை 30 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். அது மட்டும் போதாது. தலைக்கு மேலேயும் செங்குத்தான சரிவு இருக்கக் கூடாது, அங்கிருந்து சரியும் பனி நீங்கள் நடக்கும் சமதளம் வரை வரும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

பெரிய பனிப்பொழிவு முடிந்து, வானம் நீலமாகத் தெளியும் அந்த அழகான காலைதான் ரொம்ப மோசம். புதுப் பனி இன்னும் நிலைகொண்டிருக்காது. டிஜிஆர்இ வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அனுபவமுள்ள வழிகாட்டி ‘இன்னைக்கு வேண்டாம்’ என்றால் வேண்டாம்தான். கொடுத்த காசுக்காக வாதாடாதீர்கள்.

பையில் என்ன?

சிக்னல் அனுப்பும் பீக்கன் உடம்போடு கட்டியிருக்க வேண்டும். பையில் குத்திப் பார்க்கும் நீளக் கம்பி, மண்வாரி. ஆளுக்கொரு செட். புதைந்தவரை 10-15 நிமிடங்களுக்குள் தோண்டி எடுத்தால்தான் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். மீட்புக் குழு அதற்குள் வந்து சேருவது கஷ்டம், கூட வந்தவர்தான் மீட்புக் குழு. எனவே கிளம்பும் முன் ஒரு பீக்கனைப் பனியில் புதைத்து, தேடிப் பழகிவிடுங்கள்.

மேலே போனதும் ஸ்கின்னை உரித்து மடித்து, குதிகாலை லாக் செய்துவிட்டு, ஒருவர் இறங்கி ஓரமாக நின்ற பிறகே அடுத்தவர் கிளம்ப வேண்டும்.