பட்டத்தோடு பிரெஞ்சும்

அம்பர்நாத்தில் பி.காம்., எம்.பி.ஏ. படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு தகவல். நம் நாட்டு அரிசியும் மருந்தும் ஏற்றுமதியாகும் செனகல், பெனின், ஐவரி கோஸ்ட் நாடுகளில் அரசு அலுவல், சுங்கத் தாள், வணிகக் கடிதம் எல்லாம் பெரும்பாலும் பிரெஞ்சில்தான். மும்பையிலேயே பி.என்.பி. பாரிபா வங்கி, லோரியல், கேப்ஜெமினி எனப் பிரெஞ்சு நிறுவனங்கள் இயங்குகின்றன.

கற்க எங்கே போவது? சர்ச்கேட் பக்கம் நியூ மரின் லைன்ஸில் அலியான்ஸ் பிரான்சேஸ் என்ற பிரெஞ்சு மொழி மையம் இருக்கிறது. தாதரில் இறங்கி சர்ச்கேட் வண்டி பிடித்தால் போதும். பிரெஞ்சு மொழித் திறனுக்குச் சான்றிதழ் தரும் டெல்ஃப் தேர்வில் ஏ1, ஏ2, பி1, பி2 என நான்கு படிகள். அந்தச் சான்றிதழ் காலாவதி ஆகாது. ஏ1-உடன் நின்றுவிடாதீர்கள்; வேலைக்குக் கைகொடுப்பது பி2. முதலாம் ஆண்டிலேயே தொடங்குங்கள்!