'நல்ல கொழுப்பு' குறைவு என்கிறதா ரிப்போர்ட்? தேங்காய் எண்ணெய் வாங்கும் முன் இதைப் படியுங்கள்!

மாஸ்டர் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் பெரும்பாலானவர்களின் கண் போவது 'டோட்டல் கொலஸ்ட்ரால்' வரிக்குத்தான். 200-க்குள் இருந்தால் நிம்மதிப் பெருமூச்சு. கொஞ்சம் கீழே 'ஹெச்.டி.எல் 34' என்று தடித்த எழுத்தில் இருப்பதை யாரும் கண்டுகொள்வதில்லை.

அந்த நிம்மதி சரிதானா? ஒரு சின்னக் கணக்கு போடுவோம். இரண்டு பேருக்கு டோட்டல் கொலஸ்ட்ரால் 190. ஒருவருக்கு ஹெச்.டி.எல் 34, இன்னொருவருக்கு 62. டோட்டலிலிருந்து ஹெச்.டி.எல்-லைக் கழித்தால் மிஞ்சுவது, ரத்தக்குழாயில் படியக்கூடிய கொழுப்பு. முதலாமவருக்கு 156, அடுத்தவருக்கு 128. இது 130-க்குக் கீழ் இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். சர்க்கரை நோய், இதயநோய் உள்ளவர்களுக்கு இன்னும் குறைவாக இருக்க வேண்டும். ஆக, ஒரே 190 இரண்டு பேருக்கும் ஒன்றல்ல. உங்கள் ரிப்போர்ட்டை எடுத்து இப்போதே கழித்துப் பாருங்கள்.

உடலில் மிஞ்சும் கொலஸ்ட்ராலை அள்ளிக்கொண்டு போய்க் கல்லீரலில் சேர்ப்பதுதான் ஹெச்.டி.எல்-லின் முக்கிய வேலை. அதனால்தான் 'நல்ல கொழுப்பு' என்ற பட்டம். ஆண்களுக்கு 40-க்குக் கீழும், பெண்களுக்கு 50-க்குக் கீழும் இருந்தால் குறைவு.

நம் ஊரில் இது சாதாரணப் பிரச்னை இல்லை. தமிழ்நாடு, மகாராஷ்டிரா, ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய இடங்களில் ஐ.சி.எம்.ஆர் நடத்திய ஆய்வின் முடிவு 2014-ல் வெளியானது. டோட்டல் கொலஸ்ட்ரால் அதிகம் இருந்தவர்கள் 13.9 சதவிகிதம்தான். ஹெச்.டி.எல் குறைவாக இருந்தவர்களோ 72.3 சதவிகிதம்!

காரணங்களில் முக்கியமானது நம் தட்டிலேயே இருக்கிறது. வெள்ளைச் சோறு, மைதா, சர்க்கரை போட்ட டீ என மாவுச்சத்து அளவு மீறும்போது, கல்லீரல் அதை ட்ரைகிளிசரைடாக மாற்றி ரத்தத்தில் விடுகிறது. ட்ரைகிளிசரைடு ஏறினால் ஹெச்.டி.எல் துகள்கள் சீக்கிரம் சிதைந்து வெளியேறிவிடும். நாம் முட்டையைக் குற்றவாளியாக்கிவிட்டு, மூன்றாவது முறை சோறு போட்டுக்கொள்கிறோம்.

'மாத்திரை போட்டு ஏற்றிவிடலாமே' என்று கேட்கலாம். முயன்றும் பார்த்தார்கள். ஃபைசர் நிறுவனத்தின் டார்செட்ராபிப் என்ற மருந்து ஹெச்.டி.எல்-லை 70 சதவிகிதத்துக்கும் மேல் உயர்த்தியது. ஆனால், மருந்து எடுத்தவர்களில் மரணங்கள் கூடியதால், 2006 டிசம்பரில் ஆய்வையே நிறுத்திவிட்டார்கள். எண்ணை மட்டும் ஏற்றுவதால் இதயம் பிழைத்துவிடாது என்பது அப்போது உறைத்தது. உணவும் நடையும் வேறு மாதிரி. ஹெச்.டி.எல்-லைக் கொஞ்சம்தான் ஏற்றும். ஆனால் ட்ரைகிளிசரைடு, தொப்பை, சர்க்கரை மூன்றையும் சேர்த்தே இறக்கும்.

சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தைக் காய், கீரை, சுண்டலால் நிரப்புங்கள். அசைவம் சாப்பிடுபவர்கள் வாரம் இரண்டு நாள் மத்தி மீன் குழம்பு வைக்கலாம், பொரிக்க வேண்டாம். மாலையில் பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு கைப்பிடி வேர்க்கடலை. சிறுதானியம் நல்லதுதான், ஆனால் அதுவும் மாவுச்சத்தே. மூன்று தட்டு சாமைச் சோறு சாப்பிட்டால் கணக்கு பழையபடிதான். வனஸ்பதி கெட்ட கொழுப்பை ஏற்றி நல்லதை இறக்கும் வேலையைச் செய்யும் என்பதால்தான், எண்ணெய், வனஸ்பதியில் ட்ரான்ஸ் கொழுப்பு 2 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது என 2022 முதல் கட்டுப்பாடு இருக்கிறது.

வாட்ஸ்அப்பில் சுற்றும் செக்குத் தேங்காய் எண்ணெய் விஷயம்? அது ஹெச்.டி.எல்-லை ஏற்றுவது உண்மை. கெட்ட கொழுப்பான எல்.டி.எல்-லை அதைவிட அதிகமாக ஏற்றும் என்பதை ஃபார்வர்டு செய்பவர்கள் சொல்வதில்லை. மதுவும் ஹெச்.டி.எல்-லைக் கொஞ்சம் ஏற்றும்தான். அதைச் சாக்காக வைத்துக் குடிப்பவர்களுக்கு ட்ரைகிளிசரைடும் சேர்ந்தே ஏறும்.

நடைப்பயிற்சியில் வேகத்தைவிட நேரம் முக்கியம். 10 நிமிடம் மூச்சிரைக்க ஓடுவதைவிட, 30-40 நிமிடம் தொடர்ந்து விறுவிறுவென நடப்பது பலன் தரும். வாரம் ஐந்து நாள் நடந்தாலும் சராசரியாக 2-3 புள்ளிகள்தான் ஏறும். ஏமாற வேண்டாம், ட்ரைகிளிசரைடு வரியையும் பாருங்கள். புகைப்பவர்கள் அதை நிறுத்தினாலே ஹெச்.டி.எல் ஏறத் தொடங்கும்.

ஜிம் போகும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை: உடம்பு ஏற எடுக்கும் ஸ்டீராய்டு, ஹெச்.டி.எல்-லை அடியோடு சரித்துவிடும். இளம் வயதில் 20-க்குக் கீழ் வந்தால் டாக்டரிடம் அதை மறைக்காதீர்கள்.

மூன்று மாதம் இதையெல்லாம் கடைப்பிடித்துவிட்டு மறுபடி டெஸ்ட் எடுங்கள். அதுவரை, டாக்டர் எழுதிக்கொடுத்த கொலஸ்ட்ரால் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.