பட்டை தானே உறிஞ்சட்டும்

சர்க்கரை நோயாளிகள் பலர் வீட்டிலேயே குளுக்கோமீட்டர் வைத்துள்ளனர். பென்னாகரம், அரூர்ப் பகுதிச் சிற்றூர்களிலிருந்து ஒவ்வொரு பரிசோதனைக்கும் பேருந்து ஏறி வர இயலாதோர்க்கு அது பெரிய துணை. எனினும் சிலர் இரத்தத்தைப் பட்டையின் மேல் தடவுகின்றனர். அது தேவையன்று, பட்டை தானே உறிஞ்சிக்கொள்ளும்.

விளக்குத் திரியில் எண்ணெய் மேலேறுவதை நாம் அறிவோம். நூலிழைகளுக்கிடையே உள்ள நுண்ணிய இடைவெளிகளின் ஓரங்களை எண்ணெய் பற்றிப் படர்கிறது. பின்னுள்ள எண்ணெயும் அதனுடன் இழுக்கப்படுகிறது. இதனை நுண்புழை ஏற்றம் என்பர். புழை குறுகக் குறுக ஏற்றம் மிகும். 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள தூய கண்ணாடிக் குழாயில் நீர் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் உயரும், விட்டம் 0.1 மில்லிமீட்டரானால் 30 சென்டிமீட்டர் உயரும்.

பட்டையின் நுனியிலும் இத்தகைய குறுகிய வழி ஒன்று உள்ளது. துளி அதனைத் தொட்டதும் இரத்தம் உட்செல்கிறது. இன்றைய பட்டைகள் பலவற்றுக்கு 1 மைக்ரோலிட்டர், அதாவது 1 மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, போதுமானது. உள்ளிருக்கும் நொதி இரத்தச் சர்க்கரையுடன் வினைபுரியும்போது தோன்றும் மின்னோட்டத்தைக் கருவி அளக்கிறது. வழி முழுதும் நிரம்பாவிடில் கருவி பிழை காட்டும்; அல்லது அளவு தவறக்கூடும். தவறான அளவை நம்பி இன்சுலினைக் கூட்டினால் சர்க்கரை ஆபத்தான நிலைக்குத் தாழ நேரிடும்.

ஆகவே இவற்றைக் கடைப்பிடியுங்கள்:

1. கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, ஈரம் போகத் துடையுங்கள். மாம்பழம் நறுக்கிய கையைக் கழுவாது பரிசோதித்தால் சர்க்கரை மிகுதியாகக் காட்டும். ஈரம் இருந்தால் இரத்தம் நீர்த்துவிடும்.

2. விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள். அழுத்திப் பிதுக்காதீர்கள், திசுநீர் கலந்துவிடும். குத்துமுன் கையைச் சிறிது நேரம் தொங்கவிட்டால் துளி எளிதில் வரும்.

3. பட்டையின் நுனியைத் துளியில் தொட்டு, நிரம்பும்வரை அசைக்காது பிடியுங்கள். நிரம்பாவிடில் புதிய பட்டையைப் பயன்படுத்துங்கள்.

4. பட்டைக் குப்பியை உடனே இறுக மூடுங்கள். காற்றின் ஈரம் நொதியைக் கெடுக்கும்.

அளவு வழக்கத்துக்கு மாறாக இருந்தால் கைகழுவி மீண்டும் பரிசோதியுங்கள். நடுக்கமோ திடீர் வியர்வையோ இருந்து, அளவு 70-க்குக் கீழிருந்தால், நினைவுடன் இருப்பவருக்கு உடனே சர்க்கரை நீர் கொடுங்கள். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாது 108-ஐ அழையுங்கள். மருந்தளவை நீங்களாக மாற்றாதீர்கள். அடுத்த முறை வரும்போது கருவியையும் பட்டைகளையும் எடுத்து வாருங்கள். உடனிருந்து செய்து காட்டுவோம்.