படம் ஏன் நின்று நின்று வருகிறது?

அடுகோடியில் இருந்தபடியே ஊர்க் கல்யாணங்களை டிவியில் பார்க்கும் காலம் இது. தாலி கட்டும் நேரத்தில் படம் நின்று, வட்டம் மட்டும் சுற்றினால் மனம் என்ன பாடுபடும்! உடனே அதிக வேகத் திட்டத்துக்குப் பணம் கட்டுகிறோம். பல சமயம் அது வீண் செலவு. என்னைப் போல ஓய்வூதியத்தில் வாழ்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முழு ஹெச்.டி. படத்துக்கு வினாடிக்கு 5 மெகாபிட் போதும், 4கே படத்துக்கு 15 வேண்டும் என்கிறது நெட்ஃபிளிக்ஸ். அப்படியானால் 50 மெகாபிட் இணைப்பிலும் படம் ஏன் நிற்கிறது?

வீடியோவைச் சில வினாடித் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் பல தரங்களில் வைத்திருப்பார்கள். நமது டிவி சில துண்டுகளை முன்கூட்டியே வாங்கிச் சேமிக்கும். நம் வீட்டு சம்ப் போலத்தான்: காவேரித் தண்ணீர் வராதபோதும் குழாயில் தண்ணீர் வரும். சேமிப்பு குறைந்தால் டிவி தரம் குறைந்த துண்டைக் கேட்கும். படம் மங்கும், ஆனால் நிற்காது. 2009இல் ஆப்பிள் இப்படி ஒரு முறையைக் கொண்டு வந்தது. 2012இல் டாஷ் என்ற சர்வதேசத் தரமும் வந்தது.

நேரடி ஒளிபரப்பில் அதிகம் சேமித்தால் காட்சி தாமதமாகும். அதனால் அங்கே சம்ப் சிறியது. சினிமா நன்றாக ஓடும் அதே வீட்டில் கல்யாணம் தடுமாறுவது இதனால்தான்.

ரயில்வேயில் எங்களுக்கு ஒரு வழக்கம்: பழுது எந்த செக்ஷனில் என்று பார்த்த பிறகே கையை வைப்போம். இங்கும் அப்படியே. பெருவழி பொதுவாக நன்றாகவே இருக்கிறது. 2000இல் தொடங்கிய ரெயில்டெல் தண்டவாள ஓரங்களில் கண்ணாடியிழைக் கேபிள் பதித்து நாடெங்கும் இணையம் கொண்டு சென்றது. 2023 நவம்பர் 19 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் வரை பார்த்தார்கள். எனவே பழுதை முதலில் இரு முனைகளில் தேடுங்கள்.

முதலில், அதே கல்யாணத்தைப் பார்க்கும் உறவினருக்குப் போன் செய்யுங்கள். அவருக்கும் நின்றால் பழுது பெரும்பாலும் மண்டபத்தில்தான். நீங்கள் எவ்வளவு பணம் கட்டினாலும் பயனில்லை. மண்டபத்துக்காரர்கள் முதல் நாளே அங்கிருந்து படம் அனுப்பும் வேகத்தைச் சோதித்து, அதற்கேற்ற தரத்தில் அனுப்புவது நல்லது.

உங்களுக்கு மட்டும் நின்றால், ரவுட்டர் பக்கத்திலும் டிவி பக்கத்திலும் போனில் வேகத்தை அளந்து பாருங்கள். டிவி பக்கத்தில் மட்டும் குறைந்தால் வைஃபைதான் காரணம். டிவிக்கு நேரடியாகக் கேபிள் இழுங்கள். முடியாவிட்டால் ரவுட்டரை அலமாரிக்குள்ளிருந்து எடுத்துத் திறந்த இடத்தில் வையுங்கள். பக்கத்து அறை என்றால் 5 கிகாஹெர்ட்ஸ் அலை நல்லது; சுவர்கள் பல தாண்ட வேண்டுமானால் 2.4.

ரவுட்டர் பக்கத்திலேயே வேகம் குறைவாக இருந்தால், இணைப்புக் கொடுத்தவரைக் கூப்பிடுங்கள். பெரிய திட்டத்தைப் பற்றி அதன் பிறகு யோசிக்கலாம்.