பின்னிய நிகழ்படத்திலிருந்து திரைப்படச் சட்டகங்களை மீட்டல்

திரைப்படச் சுருளில் நொடிக்கு 24 முழுச் சட்டகங்கள். பழைய தொலைக்காட்சியோ ஒவ்வொரு சட்டகத்தையும் ஒற்றைவரிசை, இரட்டைவரிசைக் கோடுகளாகப் பிரித்து இரு புலங்களாகக் காட்டியது. இதுவே பின்னிய நிகழ்படம்.

இந்தியத் தொலைக்காட்சியில் நொடிக்கு 50 புலங்கள். படத்தை 25 சட்டக வேகத்தில் ஓட்டியதால் 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்தது. குரல்களும் சற்றே கீச்சிட்டன. அடுத்தடுத்த இரு சட்டகங்களின் புலங்கள் தவறாகச் சேர்ந்தால், மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் தெளிவாக நிற்க, அதன்முன் ஓடும் நாயகியின் ஓரங்கள் மட்டும் சீப்புப் பற்களாகத் தெரியும்.

எஃப்எஃப்எம்பெக் என்ற கட்டளைவரி மென்பொருளின் 'ஃபீல்டுமேட்ச்' வடிகட்டி உரிய புலங்களைத் தேடி இணைக்கும். அமெரிக்க என்டிஎஸ்சி வட்டுகளில் 4 சட்டகங்கள் 5 ஆக நீட்டப்பட்டிருக்கும். அங்கே 'டெசிமேட்' வடிகட்டியையும் சேர்த்தால் மிகையான ஒன்று நீங்கும். இந்தியப் பதிவில் அதைச் சேர்த்தால் உண்மைச் சட்டகமே போய்விடும். பலர் முதலில் போடும் 'யாடிஃப்' விடுபட்ட கோடுகளை ஊகித்து நிரப்புவது, அது மீட்பாகாது.

படத்தின் அளவைச் சுருக்குமுன் இதைச் செய்ய வேண்டும். சுருக்கினால் கோடுகள் கலந்துவிடும், பிறகு பிரிக்க வழியில்லை. நெகட்டிவ் அழிந்த படங்களுக்கு யாரோ வீட்டில் வைத்திருக்கும் ஒளிநாடாவே கடைசிப் படியாக இருக்கக்கூடும். மூலப் பதிவை அழிக்காதீர்கள்.

மாமல்லபுரக் கடற்கரையில் இருளர் கூடும் மாசிமகத்தை வீடியோ கேமராவில் பதிந்திருந்தால், அதன் 50 புலங்களும் 50 வெவ்வேறு கணங்கள். அதில் மீட்பதற்குச் சட்டகமே கிடையாது.