கார்த்திகையில் கவாத்து, சித்திரையில் மாலை

ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் அமைத்து, வடபத்ரசாயிப் பெருமாளுக்கு நாள்தோறும் மாலை கட்டிச் சாற்றினார் பெரியாழ்வார். திருப்புகலூரில் முருக நாயனார் வைகறையில் நீராடி, கோட்டுப்பூ, கொடிப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ என நால்வகை மலர்களையும் கொய்து சிவபெருமானுக்கு மாலை தொடுத்தார். மலர் கொய்வது இத்தொண்டில் ஒரு நாழிகைப் பணியே. அதற்காகச் செடியைப் பேணுவதோ ஆண்டு முழுவதற்குமான பணி. வீட்டுப் பூஜைக்கென நாலு செடி வளர்க்கும் அன்பர்களுக்கும் இது பொருந்தும்.

சித்திரை, வைகாசியில் மல்லிகை குலுங்கப் பூக்கும். விடியற்காலையிலோ வெயில் தாழ்ந்த பின்னரோ வேர் நனைய நீர் விடுதல் வேண்டும். காய்ந்த சருகையும் தென்னை நாரையும் அடியில் மூடாக்காகப் பரப்பினால் ஈரம் நிற்கும். மொட்டு நிறம் மாறித் துளைபட்டிருந்தால் அது மொட்டுப்புழுவின் வேலை. அத்தகைய மொட்டுகளை உடனே கிள்ளி அகற்றிவிட வேண்டும். செம்பருத்தியில் மாவுப்பூச்சி கண்டால் நீரைப் பீய்ச்சிக் கழுவி, வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கலாம்.

ஆடியில் காற்று பலமாக வீசும்; கொடிகளுக்குக் கொழுகொம்பு உறுதியாக இருக்கட்டும். மழை தொடங்கி மண் நனைந்ததும் நந்தியாவட்டை, அரளி, செம்பருத்திக் குச்சிகளை நட்டால் எளிதில் வேர் பிடிக்கும். துளசியில் முற்றிய கதிர்களை அவ்வப்போது கிள்ளிவிட்டால் இலை செழிக்கும். உதிரும் விதையைத் தூவிப் புதுக் கன்றும் எழுப்பலாம்.

ஐப்பசி அடைமழையில் செடிக்குப் பகை தேங்கிய நீர். அடியில் மண் அணைத்து, நீர் வடிய வாய்க்கால் கீறிவிடுக. இல்லையேல் துளசியின் வேர் அழுகிவிடும்.

கார்த்திகையின் பிற்பகுதியில்தான் மனத்துக்குக் கடினமான பணி வருகிறது. மழையில் தளதளவென வளர்ந்து நிற்கும் மல்லிகையைத் தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை அடி உயரத்தில் கவாத்து செய்தல் வேண்டும். எஞ்சிய ஓரிரு மொட்டுகளைக் கண்டு பலருக்குக் கை வராது, "பெருமானுக்குரிய பூவாயிற்றே!" என்று தயங்குவர். ஆயினும், வெட்டாத செடி கிளை மூத்துச் சோம்பும். வேனிலில் பூ சுருங்கும். புதுத் தளிரில்தான் மல்லிகை மொட்டு விடும். ஆகவே, இன்றைய கைப்பிடிப் பூவைத் துறப்பவர்க்கே பங்குனி, சித்திரையில் கூடை நிறையும். வெட்டிய பின் நன்கு மக்கிய தொழு உரத்தை இட்டு நீர் விட வேண்டும்.

மல்லிகை ஓய்ந்திருக்கும் அந்நாள்களில் பூஜைக்குக் குறைவில்லை. நந்தியாவட்டை, அரளி, செம்பருத்தி கைகொடுக்கும். மண்ணில் உதிர்ந்த பின்னும் பூஜைக்கு ஏற்கப்படும் பெருமை பெற்ற பவழமல்லியும் கார்த்திகையில் முற்றம் நிறைக்கும்.

இறைவனுக்குச் சாற்றிக் களைந்த நிர்மால்யத்தைக் காலில் மிதிபடும்படி எறியாமல், தோட்டத்து மூலையில் குழியிட்டு மக்கவைத்தால் அதுவே உரமாகி மீண்டும் மலராகும்.

குனிய இயலாத முதியோர் தொட்டியைத் திண்ணை உயரத்தில் வைத்துப் பேணலாம். கத்தரியைப் பேரன் பேத்தியர் கையில் கொடுத்து, வெட்ட வேண்டிய கிளையை அருகிருந்து காட்டுங்கள். நாம் அமர்ந்த பின்னும் நம் வீட்டு மாலை நிற்காதிருக்க அதுவே வழி.